கூட்டாத வீடு

பலெர்மோவில் வீடு கூட்டிச் சம்பளம் வாங்கிய என் அம்மா, ஒரு ஐப்பசியில் தும்புத்தடியைத் தொடமாட்டேன் என்று நின்றாள். நோயும் இல்லை, சம்பளத் தகராறும் இல்லை. வீட்டுக்காரர் வெளியே போயிருந்தார், அவ்வளவுதான். வாசல் தாண்டிப் போன ஆள் பத்திரமாகச் சேர்ந்தார் என்று தெரியுமுன் வீட்டைக் கூட்டினால், அவர் திரும்பி வரும் வழியையும் சேர்த்துக் கூட்டித் தள்ளிவிடுவோம் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. ஊரைவிட்டு வந்த வழியில் அம்மா ஒரு சூட்கேசையும் ஒரு சோடிச் செருப்பையும் ஒரு கடைவாய்ப் பல்லையும் தொலைத்தவள். இந்த நம்பிக்கையை மட்டும் எங்கேயும் விட்டுவிடாமல் கொண்டுவந்து சேர்த்திருந்தாள்.

வீட்டுக்காரர் ஜப்பான்காரர். பலெர்மோவில் ஜப்பான்காரருக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்பீர்கள். அப்பாவும் அதைத்தான் கேட்டார். வீட்டுக்காரர் மீசை முளைக்காத வயதில் அமெரிக்காவின் மேற்குக் கரைக்குக் கூலிவேலைக்குப் போனவர். மீனைத் தகரத்தில் அடைக்கும் ஆலையில் நின்று, பிறகு தமையனோடு சேர்ந்து ஒரு சின்ன வள்ளம் வாங்கிக் கடலுக்குப் போனார். அதே துறையில் சிசிலிக்காரரின் வள்ளங்களும் கட்டி நின்றன. பக்கத்து வள்ளக்காரரின் மகள்தான் வீட்டுக்காரம்மா, சிஞ்ஞோரா. கலியாணம் கட்டி, இருவரும் கிழடாகி, சாகிற காலத்தில் சிஞ்ஞோராவுக்குச் சொந்த ஊர் ஆசை வந்தது. வந்தார்கள். பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்னால், யன்னலைத் திறந்தால் புறாக்கள் உள்ளே எட்டிப் பார்க்கும் ஒரு மேல்மாடி வீட்டில் இருந்தார்கள். சிஞ்ஞோரா கண்ணை மூடினாள். அவர் மிச்சமாக இருந்தார்.

அவருக்கு வாய்த்த இத்தாலியன் பாஷை, மாமனாரோடு வள்ளத்தில் நின்று பழகிய பழைய சிசிலியன். பல்லரோ சந்தையில் அவர் மீனுக்கு விலை பேசும்போது மீன்காரர்கள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வாய் பார்ப்பார்கள். செத்துப்போன தங்கள் பாட்டன்மாரின் பேச்சு அந்த முகத்திலிருந்து வந்தால் யார்தான் பார்க்கமாட்டார்கள்?

அம்மா அங்கே முதல்நாள் வேலைக்குப் போனபோது வாசலில் செருப்பைக் கழற்றினாள். வேறு வீடுகளில் அதற்காகத் திட்டு வாங்கியிருக்கிறாள். வெறுங்காலோடு மாபிளில் நடந்து தடிமன் பிடித்தால் நாளைக்கு லீவு கேட்பாய் என்று. இவர் உள்ளே துணிச்செருப்போடு நின்று அம்மாவின் கால்களைப் பார்த்தார். அம்மா வாசலில் ஒழுங்காகத் திருப்பிவைக்கப்பட்டிருந்த அவருடைய சப்பாத்துகளைப் பார்த்தாள். வேலைக்கான நேர்முகப் பரீட்சை அதோடு முடிந்தது.

நான் பள்ளிக்கூடம் விட்டு நேரே அங்கே போவேன். அவருக்கு, தாத்தா முறையில், ஜப்பான் அப்பு என்று பெயர் வைத்ததும் நான்தான். அம்மாவின் இத்தாலியனுக்கும் அவருடைய சிசிலியனுக்கும் நடுவே நான் பாலம். எனக்கு அப்போது ஒன்பது வயதுகூட நிரம்பவில்லை, கர்வம் மட்டும் தளும்பியது. கூடத்துச் சுவரில் ஒரு மரத்தடி தொங்கியது, கைபட்டுக் கைபட்டு வழவழவென்று. தமையனோடு வாங்கிய அந்த வள்ளத்தின் சுக்கான் பிடி. வள்ளம் எங்கே என்று கேட்டேன். ஜப்பானோடு சண்டை வந்தபோது அமெரிக்க அரசாங்கம் எடுத்துக்கொண்டது, அதற்கு முன்னே மாமனார் இதைக் கழற்றி ஒளித்துவிட்டார் என்றார். பிடி இல்லாத வள்ளத்தை வைத்துக்கொண்டு அரசாங்கம் என்ன செய்தது என்று நான் வெகுநாள் யோசித்தேன். நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றி வந்திருக்கும் என்று முடிவு கட்டினேன்.

அந்த வீட்டில் எங்களுக்கு இன்னொரு பிடிப்பும் இருந்தது. தொலைபேசி. எங்கள் அறையில் அது கிடையாது. ஊரில், அம்மாவுக்குச் சீதனமாக எழுதிய மல்லாகத்து வீட்டில் சின்னம்மா குடும்பத்தோடு இருந்தாள். விளக்கேற்றி, முற்றம் கூட்டி, அம்மா திரும்பி வரும்வரை வீட்டை வீடாக வைத்திருப்பது அவள் பொறுப்பு. போரால் யாழ்ப்பாணத்திலிருந்து தொலைபேசியில் பேச வழியில்லாத காலம். யாராவது கொழும்புக்கு வந்தால் ஜப்பான் அப்புவின் நம்பருக்கு எடுத்து, சின்னம்மா சுகம், கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, மாமரம் காய்த்தது என்று சொல்லிவிட்டு வைப்பார்கள். சின்னம்மாவிடம் இருந்த ஒரே நம்பர் அதுதான்.

அந்த ஐப்பசியில் அப்பு குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பு. அம்புலன்ஸ்காரர் நாற்காலியில் கட்டித் தூக்கி மாடிப்படியில் இறக்கினார்கள். போகிறவர் போகிறேன் என்று சொல்லக்கூடாது, வாறன் என்றுதான் சொல்லவேண்டும் என்று அம்மா அவருக்கு எப்போதோ பழக்கியிருந்தாள். வலியில் வெளிறிப்போன முகத்தைத் திருப்பி, "வாறன், சிஞ்ஞோரா" என்றார். வேலைக்காரியைச் சிஞ்ஞோரா என்று கூப்பிட்ட ஒரே மனிதர்.

"ஓம் ஐயா, போட்டு வாங்கோ" என்றாள் அம்மா. பிறகு கையிலிருந்த தும்புத்தடியைக் குசினிக் கதவுக்குப் பின்னால் சாத்தினாள்.

இரண்டொரு நாளில் பெறாமகன் வந்தார். சிஞ்ஞோராவின் தமக்கையின் மகன். பிரான்காச்சோ பக்கம் குளியலறை ஓடு விற்கிற கடை வைத்திருந்தார். ஆள் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். எனக்குத் தின்ன முட்டாசு தருவார். ஆனால் அவர் வீட்டுக்குள் நடக்கும்போது கண் மட்டும் சுவரை அளந்துகொண்டு வரும். சப்பாத்தைக் கழற்றாமல் நேரே உள்ளே போனார். சித்தப்பா இனி எழும்பி நடக்கப்போவதில்லை, கன்னியாஸ்திரிகள் நடத்துகிற முதியோர் இல்லத்தில் இடம் பார்த்தாயிற்று, வீட்டைக் கூட்டிக் கழுவித் துடைத்து வை, பார்க்க ஆட்கள் வருவார்கள், தொலைபேசியையும் வெட்டச் சொல்லவேண்டும் என்றார்.

அம்மா தொலைபேசியைத்தான் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "சொல்லு பிள்ளை. ஐயா வாறன் எண்டு சொல்லிப்போட்டுப் போனவர். அவர் வராமல் நான் கூட்டமாட்டன்."

சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை. ஏன் என்று கேட்டார்.

"கூட்டினால் ஆள் திரும்பி வராதாம்" என்று விளக்கினேன்.

பெறாமகன் சற்று நேரம் யோசித்தார். அவருடைய முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் கண்டேன். "அப்படியென்றால் கூட்டச் சொல்லு" என்றார்.

இதை நான் அம்மாவுக்கு மொழிபெயர்த்தேன். அவள் குசினிக்குள் போனாள். தும்புத்தடியை எடுத்துவந்தாள். சரி, பயந்துவிட்டாள் என்று நினைத்தேன். யன்னலைத் திறந்து, அதைப் பல்கனியில் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

அன்று இரவுச் சாப்பாட்டில் அப்பா சிரித்தார். அவர் ஒரு சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவுகிறவர். கைகள் எப்போதும் வெந்துபோய் வெளிறிக் கிடக்கும். "உமக்கென்ன விசரே? கூட்டுறதுக்குச் சம்பளம் வாங்கிக்கொண்டு கூட்டமாட்டன் எண்டு நிக்கிற ஒரே ஆள் இந்தப் பலெர்மோவிலை நீர்தான். நாளைக்கு நானும் கோப்பையைக் கழுவினால் கடைக்கு ஆகாது எண்டு சொல்லட்டே?"

"சொல்லுங்கோ. ஆர் வேண்டாம் எண்டது?"

"வேலை போனால்?"

"வேலை போனால் வேறை வேலை. அந்த நம்பர் போனால் என்ரை தங்கச்சிக்கு வேறை நம்பர் இருக்கோ?"

அப்பா சிரிப்பை நிறுத்திக்கொண்டார். அந்தக் கிழமைதான் வானொலியில் அந்தச் செய்தி வந்தது. இராணுவம் நெருங்குகிறது என்று யாழ்ப்பாணத்துச் சனம் அத்தனையும், ஒரே மழைக்குள், சைக்கிளிலும் தலையிலும் சாமானோடு, பாலம் கடந்து போகிறார்களாம். எங்கள் அறையில் அடுக்கப்பட்டிருந்த கட்டில்களில் எங்களோடு ஒட்டியிருந்த ஊர் ஆட்கள் எல்லாரும் வந்து வானொலியைச் சுற்றி நின்றார்கள். அடுப்பில் குழம்பு கருகியது. அடுத்தநாள் காலையிலிருந்து எங்கள் அறையையும் அம்மா கூட்டவில்லை.

அப்பா அதைப் பார்த்தார். கால்பெருவிரலால் ஒரு வெங்காயத் தோலைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டு வேலைக்குப் போனார். அதற்குப்பிறகு அவர் பகிடி விடவில்லை.

அப்போதுதான் சிரோக்கோ அடித்தது. கடலுக்கு அப்பாலிருக்கிற பாலைவனத்தை அள்ளிக்கொண்டு வருகிற சூட்டுக் காற்று. வானம் பூசணி நிறமானது. வாயை மூடினாலும் பல்லில் மண் கடித்தது. நகரமே துணியால் தலையைச் சுற்றிக்கொண்டு திரிந்தது. அப்புவின் வீட்டு யன்னல் இடுக்குகளால் அந்தச் செம்மண் மெல்ல மெல்ல உள்ளே இறங்கி, வெள்ளை மாபிள் தரை முழுக்க, யாரோ மிகுந்த பொறுமையோடு மாச்சல்லடையால் அரித்ததுபோலப் படிந்தது. எனக்கு அது அழகாக இருந்தது. அம்மா அலமாரியைத் துடைத்தாள், பூச்சட்டிகளுக்குத் தண்ணீர் விட்டாள். தரையை விட்டாள். வாசலிலிருந்து சுவரோரமாகத் தொலைபேசி வரைக்கும், எங்கள் வெறுங்கால்கள் நடந்து நடந்து ஓர் ஒற்றையடிப் பாதை விழுந்தது. அங்கே போய்க் குந்தியிருப்போம். அது அடிக்காது. திரும்பி வருவோம்.

சிசிலிக்காரரின் நம்பிக்கைப்படி செத்தவர்கள் வந்து பிள்ளைகளுக்குப் பரிசு வைத்துவிட்டுப் போகிற நாளும் அந்தக் கிழமைதான் வந்தது. பள்ளிக்கூடத்தில் எல்லாரும் சீனியில் செய்த பொம்மைகளைக் கொண்டுவந்து காட்டினார்கள். ஒருத்தியின் செத்த மாமா குதிரைவீரனைக் கொடுத்திருந்தார், இன்னொருத்தியின் செத்த பெரியம்மா நடனக்காரியை. அப்புவின் வீட்டில், தொலைபேசிக்குப் பக்கத்தில் குந்தியபடி அம்மாவிடம் கேட்டேன்: "எங்களுக்குச் செத்த ஆக்கள் ஒருத்தரும் இல்லையோ அம்மா?" அம்மா என் வாயைப் பொத்தினாள். அடிக்கவில்லை. பொத்திய கை அப்படியே கனநேரம் இருந்தது. அதில் கண்ணாடி துடைக்கிற வினாகிரி மணத்தது.

பெறாமகன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஒரு கணவனும் மனைவியும். மனைவிக்குக் கூர்க்குதிச் சப்பாத்து. கதவைத் திறந்ததும் அவள் தரையைப் பார்த்து, "ஐயோ மாதாவே, இது வீடா ஆப்பிரிக்காவா?" என்றாள். ஆனாலும் பார்க்க வந்தவள் பார்க்காமல் போவாளா? குசினிக்குள் நடந்தாள். படுக்கையறையில் கட்டிலைச் சுற்றி வந்தாள். யன்னலடியில் நின்று புறாக்களைப் பார்த்தாள். சுக்கான் பிடியைத் தொட்டுப் பார்த்து, இந்தத் தடி எதற்கு என்று கேட்டாள். நானும் அம்மாவும் வாசலில் வெறுங்காலோடு நின்றோம். இந்தத் தூசு எப்போதும் வருமா என்று கணவன் கேட்க, பெறாமகன் என்னவோ சொல்ல, மனைவி தும்மினாள். விடாமல் தும்மினாள். துப்புரவாக்கிய பிறகு சொல்லுங்கள், வந்து பார்க்கிறோம் என்று கிளம்பிவிட்டார்கள். பெறாமகன் போகிறபோது அம்மாவிடம், கிழமை முடிவதற்குள் இது பளபளக்காவிட்டால் நீ வரவே வேண்டாம், திறப்பைக் கொடுத்துவிட்டுப் போ என்றார். நான் மொழிபெயர்க்கவில்லை. தேவைப்படவில்லை.

கிழமை முடியுமுன் அப்பு வந்துவிட்டார்.

யாருக்கும் சொல்லாமல் வந்தார். இரண்டு தாதிமார் நாற்காலியோடு தூக்கிவந்து வாசலில் வைத்தார்கள். மெலிந்து, சட்டைக்குள் காற்றாக இருந்தார். முதல் வேலையாகச் சப்பாத்தைக் கழற்றச் சொல்லிக் காலை நீட்டினார். அம்மா குனிந்து கழற்றினாள். "வந்திட்டியளோ ஐயா" என்று மட்டும் கேட்டாள். நான் ஓடிப்போய்ச் சுக்கான் பிடியைக் கழற்றிக் கொடுத்தேன். அதை ஊன்றி, அம்மாவின் தோளைப் பிடித்து எழும்பியவர், அப்படியே வாசற்படியில் நின்றுவிட்டார்.

தரையைப் பார்த்தார்.

செம்மண்ணில் எல்லாம் எழுதியிருந்தது. ஓர் அகலச் சப்பாத்து அறை அறையாகப் போயிருந்தது. அதன்பின்னால் இன்னொன்று. கூர்க்குதிக் குழிகள் குசினிக்குப் போய், கட்டிலைச் சுற்றி, யன்னலடியில் நின்று மிதித்து, சுவரில் சுக்கான் பிடி தொங்கிய இடத்துக்கு நேரே வந்து திரும்பியிருந்தன. சுவரோரமாக மட்டும் இரண்டு சோடி வெறுங்கால்கள், ஒன்று பெரிது, ஒன்று சின்னது, தொலைபேசிக்குப் போய் வந்துகொண்டிருந்தன.

"வீடு பார்க்க வந்தார்கள்" என்றார். கேள்வியாகச் சொல்லவில்லை.

பிறகு, நின்றபடியே, அந்தப் பழைய சிசிலியனில் சொன்னார். நான் துண்டு துண்டாக அம்மாவிடம் சேர்த்தேன். சண்டைக்காலத்தில் ஒருநாள், கையில் தூக்கக்கூடியதை மட்டும் தூக்கிக்கொண்டு கிளம்புங்கள் என்று சொல்லிவிட்டார்களாம். ஜப்பான்காரர் என்ற ஒரே குற்றம். வள்ளத்தை அதற்கு முன்பே எடுத்தாயிற்று. செய்தி கேட்டு முன்பின் தெரியாத ஆட்கள் சப்பாத்தோடு வீட்டுக்குள் வந்து, கட்டிலைத் தட்டிப் பார்த்து, அலமாரியைத் திறந்து பார்த்து, எப்படியும் விட்டுவிட்டுத்தானே போகப்போகிறீர்கள் என்றார்களாம். அவரும் தமையனும் சுவரோரம் நின்றார்களாம். எல்லாரும் போனபிறகு தமையன் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து அந்தச் சப்பாத்து அடையாளங்களை ஒவ்வொன்றாகக் கழுவினாராம். கண்ணாடியெல்லாம் துடைத்தாராம். ஜப்பான்காரன் அழுக்கன் என்று பின்னால் வருகிறவன் சொல்லக்கூடாதாம். கதவைச் சாத்திவிட்டுப் போனார்களாம், பாலைவனத்துக்கு நடுவே முள்ளுக்கம்பி அடித்த ஒரு முகாமுக்கு. அங்கே பலகை இடுக்கால் இதே செம்மண் வருமாம்.

அம்மா வாயில் கைவைத்தாள். "என்ன சொல்லுறார்? வெளிக்கிடேக்கை கழுவினவையோ?"

"ஓம்."

"தண்ணி ஊத்தியோ?"

"ஓம் அம்மா, வாளியாலை."

"அதுதான்!" என்றாள் அம்மா. இவ்வளவு காலமும் யாருக்கும் பிடிபடாத ஒன்று அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. "அதுதான் வீடு திரும்பக் கிடைக்கேல்லை. கேள் பிள்ளை, ஒருத்தரும் சொல்லிக் குடுக்கேல்லையோ எண்டு கேள்."

கேட்டேன். அப்பு முதலில் விளங்காமல் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வலிக்குது வலிக்குது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அதை அப்போது யாராவது அமெரிக்காவுக்குச் சொல்லியனுப்பியிருக்கலாம் என்றார். அம்மாவும் சிரித்தாள். எதற்கென்று தெரியாமல் தாதிமாரும் சிரித்தார்கள்.

பின்னேரம் பெறாமகன் தன் திறப்பால் கதவைத் திறந்துகொண்டு வந்தார். கூடத்தில் அப்பு நாற்காலியில் இருந்தார், மடியில் சுக்கான் பிடி. பெறாமகனின் வாய் திறந்து, மூடி, சித்தப்பா என்றது. இனி முத்தம் கொடுக்க வருவார், அழுவார் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பு கையைத் தூக்கினார். "சப்பாத்து."

"சித்தப்பா?"

"என் மூச்சு இருக்கும்வரை நான் இருக்கவேண்டும் என்று உன் சின்னம்மா எழுதிவைத்துவிட்டுத்தான் செத்தாள். பிறகு உனக்கு. உனக்குத்தான், வேறு யாருக்கு? அதுவரைக்கும் சப்பாத்தைக் கழற்று."

இத்தனை வருடம் கழற்றாதவர் வாசலுக்குத் திரும்பிப் போய்க் குனிந்து, நாடாவை அவிழ்க்கத் தெரியாதவர்போலத் தடுமாறிக் கழற்றினார். காலுறையில் பெருவிரல் வெளியே எட்டிப் பார்த்தது. அந்த விரலைக் கண்டதும் எனக்கு அவர்மேல் சரியான பாவமாகப் போய்விட்டது. அப்புவுக்கும் அப்படித்தான் இருந்திருக்கவேண்டும். அவருக்குக் கோப்பி போடச் சொன்னார்.

ஐயா வந்துவிட்டார், இனிக் கூட்டலாம். பல்கனியிலிருந்து தும்புத்தடி உள்ளே வந்தது. அம்மா அறைகளையெல்லாம் கூட்டி, மாபிளைக் கழுவி, முகம் தெரிய மினுக்கினாள். சுவரோரத்து ஒற்றையடிப் பாதையை மட்டும் விட்டாள். அதை ஏன் விட்டாய் என்று அப்பு கேட்கவில்லை. பெறாமகன் வந்தபோதெல்லாம் காலுறையோடு அதைத் தாண்டிக் கால்வைத்து நடந்தார்.

ஒரு மழைநாளில் தொலைபேசி அடித்தது. கொழும்பிலிருந்து யாரோ. சின்னம்மா குடும்பம் கிளிநொச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருக்கிறது, உயிரோடு, எல்லாரும். அம்மா தொலைபேசியை வைத்தாள். நேரே போய்த் தும்புத்தடியை எடுத்து, அந்தக் கடைசிப் பாதையையும் கூட்டி அள்ளினாள். அவசரத்தில் பாதி மண் திரும்பச் சிந்தியது.

கதை அதோடு முடிந்துவிட்டது என்று நான் நம்பினேன்.

ஈஸ்டர் முடிந்து, வெயில் ஏறத் தொடங்கிய ஒரு பின்னேரம், சின்னம்மாவே எடுத்தாள். கொழும்புக்கு வந்துவிட்டாளாம். அவள் எப்போதும் உரக்கப் பேசுவாள். கூடம் முழுக்கக் கேட்டது. ஊருக்குத் திரும்பிப் போனவர்கள் சொன்னார்களாம், நம்முடைய வீட்டில் ஆமி இருக்கிறதாம், கிட்டப் போக ஏலாதாம்.

"ஆனால் ஒண்டும் உடையேல்லையாம் அக்கா" என்று சின்னம்மா சொன்னாள். "நல்ல துப்புரவா வைச்சிருக்கிறாங்களாம். விடிய எழும்பி முத்தமெல்லாம் கூட்டுறாங்களாம். ஒரு இலை கிடையாதாம்."

"கூட்டுறாங்களாமோ" என்றாள் அம்மா.

"ஓமக்கா. ஒவ்வொரு நாளும்."

அம்மா தொலைபேசியை வைத்துவிட்டுத் தரையில் இருந்தாள். தலையை முழங்காலுக்குள் வைத்துக்கொண்டு அழுதாள். வானொலிச் செய்தி வந்த நாளில்கூட அவள் அப்படி அழவில்லை. அப்பு என்னைப் பார்த்தார். நல்ல செய்திதான் என்று அவருக்குச் சொன்னேன். வீடு உடையவில்லை, படைக்காரர் அதில் இருக்கிறார்கள், ஒவ்வொரு நாளும் முற்றத்தைச் சுத்தமாகக் கூட்டுகிறார்கள். அவர் சுக்கான் பிடியை மெல்லத் தடவினார்.

"எங்கள் வீட்டில் பிறகு வந்து இருந்தவர்களும் கண்ணாடிகளை நன்றாகத் துடைத்து வைத்திருந்தார்கள்" என்றார். "நான் திரும்பிப் போய்த் தெருவில் நின்று பார்த்தேன். திரைச்சீலை புதிது."

யன்னலில் புறாக்கள் மட்டும் கதைத்துக்கொண்டிருந்தன. வீடு சுத்தமாக இருக்கிறது என்பதற்காக இரண்டு பெரிய ஆட்கள் இப்படி இடிந்துபோய் இருப்பதை என்னால் சகிக்க முடியவில்லை. அம்மாவைச் சிரிக்கவைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி, அவளுடைய வேலையை நான் செய்வது. குசினிக் கதவுக்குப் பின்னாலிருந்து என்னைவிட உயரமான தும்புத்தடியை எடுத்துக்கொண்டு வந்து, கூடத்தின் நடுவில் வைத்து ஓர் இழுப்பு இழுத்தேன்.

அம்மா தலையைத் தூக்கவில்லை. "இண்டைக்குக் கூட்டாதை, பிள்ளை."

"ஏன் அம்மா? ஆர் பயணம் போனது?"

"போன ஆக்கள் இன்னும் திரும்பேல்லை" என்றாள். நான் தும்புத்தடியைப் பிடித்தபடி கூடத்தைச் சுற்றிப் பார்த்தேன். அம்மா இருந்தாள். ஜப்பான் அப்பு இருந்தார். வாசலில் மூன்று சோடிச் செருப்புகளும் அப்படியே இருந்தன. அந்த வீட்டிலிருந்து அன்று ஒருவருமே வெளியே போயிருக்கவில்லை.